திரைக்குத் துவாய் போட்டு எடுத்த கலியாணப் படம்

ரெண்டு பேரும் கதிரைய இழுத்துப் போட்டு இருங்க. போனக் கவுத்து வைங்க. நாளைக்கழிச்சு நான் கத்தாருக்குப் போறன். அதுக்குப் பொறகு இந்த மேசை, வீடியோ கசட் போடுற இந்தக் கறுத்த டெக்கு, அலுமாரி நிறையக் கிடக்கிற ஆக்கள்ட கசட்டு எல்லாம் உங்கட தலையிலதான். "போக முந்தி புள்ளயளுக்கு வேலையச் சொல்லிக் குடுத்துட்டுப் போ" எண்டு முதலாளி சொல்லிட்டார். எனக்கு முப்பது வயசு. ஓய்வு எடுத்த ஹெட்மாஸ்டர் மாதிரி இருந்து புத்தி சொல்ற வயசா இது? ஓ.எல். சோதனை மூண்டு தரம் எழுதி, மூண்டு தரமும் கணக்குல படுத்தவன் நான். தம்பி, நீ சிரிக்காத. நீ எத்தின தரம் எண்டு எனக்குத் தெரியும்.

எந்த வயர எதுக்குள்ள குத்துற, எந்தப் பட்டன அமத்துற எண்டதெல்லாம் நான் சொல்லப் போறல்ல. போன்ல தேடினா எவனாவது ஒருத்தன் ஒரு மணித்தியாலம் இருந்து சொல்லித் தருவான். அவன் சொல்லித் தராத விஷயம் வேற. கம்பியூட்டருக்கு ஏத்தித் தாங்க எண்டு ஒரு பழைய கசட் கையில வந்தா, அத எந்த மெஷின்ல போடுற, போடலாமா, எப்ப நிப்பாட்டுற. அதுக்குக் கணக்குப் பாஸாகத் தேவல்ல. ஆனா ஒருக்காப் பிழைச்சா, அழிஞ்சது அழிஞ்சதுதான். மறுபடி எடுக்க அந்தக் கலியாணமும் இல்ல, அந்த ஆக்களும் இல்ல.

நான் வந்த புதுசுல உச்சமுனை ஊரால ஒரு நானா கசட் கொண்டு வந்தார். மகன்ட சுன்னத்துக் கலியாணப் படம். "பூஞ்சணம் பிடிச்சிருந்திச்சு தம்பி, நான் நல்லாக் காய வச்சுத்தான் கொண்டு வந்திருக்கன்" எண்டார் பெருமையா. எங்க காய வச்ச நானா எண்டு கேட்டன். கருவாட்டுப் பாயில. நெத்தலிக்கும் சூடைக்கும் நடுவுல, ரெண்டு நாள் வெயில். கசட் அப்பளம் மாதிரி வளைஞ்சிருந்திச்சு. பூனை ஒண்டு கடை வாசலுக்கே வந்து இருந்திட்டு. நான் விழுந்து விழுந்து சிரிச்சன். அவர் சிரிக்கல்ல. "எங்கட ஊர்ல ஈரம் பட்டதெல்லாத்தையும் அங்கதானே காய வைக்கிற" எண்டு சொல்லிட்டு, கசட்டத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிட்டார். அத நான் திருத்திக் குடுத்திருக்கலாம். சிரிச்சதால அவர் மறுபடி வரவே இல்ல.

அண்டைக்கு ஒண்டு படிச்சன். கசட்டக் கையில வாங்கினா மெஷினப் பத்தி யோசிக்க முந்தி, இது இத்தின வருஷமா எங்க கிடந்திச்சு, ஆரு வச்சிருந்த எண்டு கேளுங்க. ஆனா படிச்சது வேற, செய்யிறது வேற. அடுத்ததா நான் செஞ்ச பிழையக் கேளுங்க. இதுக்கு நானே சிரிக்கமாட்டன்.

ரிஸ்வானா ராத்தா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, ளுஹர் தொழுகை முடிஞ்ச கையோட. கூட அவட சாச்சி, உம்மாட தங்கச்சி. அவங்க மன்னார்ப் பக்கத்து ஆக்கள். தொண்ணூறுல வடக்கால முஸ்லிம் ஆக்கள வெளியேத்தின நேரம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டு வந்து, அகதி கேம்ப்ல இருந்து, இப்ப பள்ளிவாசல்துறைப் பக்கம் வீடு கட்டி இருக்கிறாங்க. ராத்தாக்கு என்ன விட ரெண்டு மூண்டு வயசு கூட இருக்கும். ஒரு விசுக்கோத்து டின்னுக்குள்ள, துணியால சுத்தி, ஒரு பெரிய வீடியோ கசட்.

"இது என்ட உம்மாட கலியாணம்" எண்டா.

"உம்மாவும் வந்திருக்கலாமே ராத்தா, சின்ன வயசுப் படத்தப் பார்த்து வெக்கப்பட்டிருப்பா" எண்டு நான் பகிடி விட்டன்.

"உம்மா நான் பொறந்த அண்டைக்கே மவுத்து தம்பி."

என்ட வாய் அப்பிடித்தான். நான் தலையக் குனிஞ்சன். அவ கோவிக்கல்ல, விளங்கப்படுத்தினா. கலியாணம் நடந்தது அவங்க ஊர விட்டு வெளிக்கிட்ட அதே வருஷத் தொடக்கத்துல. வாப்பா அப்ப சவூதியில வேலை. அவர்தான் அங்கயிருந்து கமரா கொண்டு வந்திருக்கார். கலியாணம் முடிஞ்சு திரும்பிப் போகேக்க கசட்டையும் கொண்டு போயிட்டார். அதாலதான் அது தப்பிச்சிச்சு. வீட்டுல இருந்த போட்டோ எல்லாம் வீட்டோட போயிட்டு. பொறகு கேம்ப்ல ராத்தா பொறந்தா, உம்மா மவுத்து. வாப்பா வேற கலியாணம் முடிச்சு வேற ஊர்ல இருந்தார். ராத்தாவ வளர்த்தது சாச்சி.

"வாப்பா மவுத்தாகி மூண்டு மாசம். அந்த வீட்டு ஆக்கள்தான் அவர்ட சூட்கேசுக்குள்ள இது கிடந்திச்சு எண்டு அனுப்பின. நான் சின்னப் புள்ளையில எத்தின தரம் கேட்டன், உம்மாட போட்டோ ஒண்டு இருக்கா வாப்பா எண்டு. ஒண்டும் இல்ல எண்டார். இது இருந்திருக்கு. பூட்டி வச்சிருந்திருக்கார். உம்மாட முகத்த நான் ஒருக்காலும் பார்த்ததில்ல தம்பி."

இப்பதான் சாச்சி கதைச்சா. "மகன், ஒரு கதை இருக்கு. இதுல முதல் பாதி ஆம்புளப் பக்கம், பள்ளியில நிக்காஹ். அத நீங்க பார்க்கலாம். பொறகு வீட்டுக்குள்ள, பொம்புளையள் மட்டும். அத எடுத்தது மாப்பிள்ளைட தங்கச்சி. என்ட ராத்தா, இவட உம்மா, கமராவுக்கு முன்னால இருக்கவே மாட்டன் எண்டு நிண்டவ. பிற ஆம்புள ஒருத்தன்ட கண்ணும் படாது எண்டு மாப்பிள்ளை சத்தியம் பண்ணின பொறகுதான் இருந்தா. நீங்க பார்க்காமச் செய்ய வேணும்."

"மாமி, அவ மவுத்தாகி இத்தின வருஷம்..."

"ஆள் மவுத்தான எண்டு சொல்லும் மவுத்தாகுமா மகன்? இது அமானிதம், எங்கள நம்பி விட்டுட்டுப் போனது."

நான் நெஞ்சுல கைய வச்சன். "மாமி, கண்ணக் கட்டிக்கொண்டெண்டாலும் செஞ்சு தருவன்."

பாருங்க, அப்ப இந்தக் கடையில இருந்தது என்ன? கசட்டுப் படத்தக் கம்பியூட்டருக்கு ஏத்த முதலாளி கொழும்பால வாங்கிக்கொண்டு வந்த ஒரு குச்சி. பென் மாதிரி, சுண்டு விரல் அளவு. ஒரு பக்கம் டெக்கு, மத்தப் பக்கம் கம்பியூட்டர். டெக்கு அவர்ட மச்சான்ட வீட்டுல சும்மா கிடந்தது. கடலப் பார்த்த வீடு. கலியாணம், பொறந்தநாள் எண்டு நல்ல கசட் போட்டா அந்தக் குச்சியும் வேலை செய்யும், டெக்கும் வேலை செய்யும். நல்ல கசட்டுக்கு எந்த மெஷினும் நல்ல மெஷின்தான். அதால எங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சிட்டம்.

கசட்டு மூடியில சின்னக் கண்ணாடி ரெண்டு இருக்கு, தெரியுந்தானே? இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு. உள்ளுக்கு ரீல் தெரியும். நான் இடப்பக்கத்த மட்டும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தன். சுத்தம். வலப்பக்கத்தப் பார்க்கல்ல. ஏன் பார்க்கல்ல? சோம்பல், வேற என்ன. போட்டன். பள்ளி வந்திச்சு, மாப்பிள்ளை வந்தார், லெப்பை வந்தார், படம் தெளிவு. நிக்காஹ் முடிஞ்சு ஆம்புளையள் சஹன் தட்டுக்கு முன்னால சுத்தி இருந்து சாப்பிடத் தொடங்கின இடத்துல, நான் முகம் துடைக்கிற துவாய எடுத்துத் திரைக்குப் போட்டன். சத்தத்தையும் அடைச்சன். வெளிய போய் பிளேன்டீ ஒண்டு அடிச்சு, முதலாளிக்குப் பெருமையும் அடிச்சன். "சொன்ன சொல்லுக்கு நிக்கிற ஆள் நான்." முடிஞ்ச பொறகு உள்ள வந்து, திறந்து பார்க்காமலே பென் டிரைவுக்கு ஏத்தி, கசட்டோட குடுத்துட்டன். சொல்லக் காப்பாத்திட்டன் எண்டு அண்டைக்கு நல்ல நித்திரையும் வந்திச்சு.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்தி ரெண்டு பேரும் கடைக்கு வந்தாங்க. ராத்தா விசுக்கோத்து டின்ன மேசையில வச்சா.

"தம்பி, நீலமா இருக்கு."

"என்ன நீலம்?"

"நிக்காஹ் முடிய எல்லாமே நீலம். நான் மாமிமாரு, மச்சிமாரு எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொன்னன். புள்ளயளுக்குப் பெருநாள் உடுப்புப் போட்டு, டிவிக்கு முன்னால இருத்தினன். உங்கட மூத்தும்மாவ, என்ட உம்மாவக் காட்டப் போறன் எண்டு. சத்தம் மட்டும் கேட்குது. பொம்புளையள் கதைக்கிறாங்க, சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புல எது என்ட உம்மா எண்டு எனக்கு என்னண்டு தெரியும்?"

சாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "மகன், நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல மாமி. வல்லாஹி பார்க்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்."

"சாச்சி! படமே இல்ல, நீங்க அல்ஹம்துலில்லாஹ் சொல்றீங்க!" ராத்தா கத்திட்டா. ரோட்டால போன ஆக்களும் திரும்பிப் பார்த்தாங்க. "வாப்பாக்கும் காட்ட மனம் வரல்ல, இவருக்கும் பார்க்க மனம் வரல்ல, எனக்கு மட்டும் நீலம்!"

அவங்க போன பொறகு, அவங்க வச்சுட்டுப் போன கசட்டோட வலப்பக்கக் கண்ணாடியப் பார்த்தன். வெள்ளை வெள்ளையா மாத்தூள் மாதிரிப் பூஞ்சணம். அது போய் டெக்குக்குள்ள படத்த வாசிக்கிற ஹெட்ட அடைச்சிருக்கு. ஹெட் அடைச்சா படம் போகும், சத்தம் வேற இடத்தால வாறதால அது கிடக்கும். படம் பலம் குறைஞ்ச உடன எங்கட குச்சி கையத் தூக்கிட்டு, நீலத்த எழுதியிருக்கு. ஒரு ஆள் திரையப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தா முதல் நிமிஷமே நிப்பாட்டியிருக்கலாம். நான் பார்க்கமாட்டன் எண்டு சொன்னது சரி. பார்க்காத இடத்துக்கு ஒரு கண்ண வைக்காம விட்டதுதான் பிழை. சொல்லக் காப்பாத்திறன் எண்டு வேலையக் கைவிட்டுட்டன். அது நேர்மை இல்ல தம்பி, அதுவும் ஒரு சோம்பல்தான்.

முதலாளி சொன்னார், "டேய், ஹெட்டக் கழுவிட்டு மறுபடி போடு. இந்தத் தரம் பார்த்துக்கொண்டு செய். நீ பார்த்தா ஆருக்குத் தெரியும்?"

நான் நல்லவன் இல்ல. நீங்களும் என்ன நல்லவன் எண்டு நினைக்க வேணாம். கதவச் சாத்தினன், ஹெட்டக் கழுவினன், துவாயக் கையில எடுத்தன். அப்பிடியே நிண்டன். சாச்சி மறுபடி வந்து அதே கேள்வியக் கேட்பா எண்டு தெரியும். "பார்த்தீங்களா மகன்?" எண்டு. அவவுக்குப் பொய் சொல்லலாம், எனக்கு அது பெரிய விஷயமில்ல, நான் பொய் சொல்லாத ஆளா? ஆனா அவ அதுக்கு அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லுவா. அதக் கேட்டுக்கொண்டு நிக்க என்னால ஏலா எண்டு விளங்கிச்சு. துவாயத் தோள்ல போட்டுக்கொண்டு வெளிய வந்துட்டன்.

ராத்தாட்ட போய் ரெண்டு விஷயம் கேட்டன். ஒண்டு, கொழும்புல பெரிய மெஷின் இருக்கிற இடம் இருக்கு, குடுப்பமா? சாச்சி வேணாம் எண்டா, அங்கயும் ஆம்புளையள்தான். அப்ப ரெண்டாவது: நான் நல்ல மெஷின் தேடுறன், நீங்க ரெண்டு பேரும் கடைக்கு வந்து, எனக்குப் பதிலாப் படத்தப் பார்க்க வேணும். நான் திரைக்கு முதுகக் காட்டிக்கொண்டு டெக்கப் பிடிக்கிறன். நீங்க கண், நான் கை.

"முதுகு எண்டா முழு முதுகு" எண்டா சாச்சி.

"முழு முதுகு மாமி."

சிலாபத்துல மீன் சந்தைக்குப் பின்னால டிவி திருத்துற ஒரு சிங்களப் பெடியன் இருந்தான். என்ட வயசுதான். தமிழும் சிங்களமும் கலந்து அடிப்பான். அவன்ட ராக்கையில நாலு டெக்கு. நான் போன உடன வெள்ளி நிறத்துல லைட் எல்லாம் மின்னுற ஒண்டக் காட்டினன்.

"மச்சங், நீ கலியாணம் முடிக்கப் போறியா, கசட் போடப் போறியா?" எண்டான். "வடிவு பார்க்கிறாய்."

ஒரு ஸ்குரூ டிரைவர எடுத்து அந்த வெள்ளி டெக்கோட மூடியக் கழட்டிக் காட்டினான். உள்ளுக்கு ஆணியெல்லாம் துரு. "இது முகத்துவாரப் பக்கத்து வீடு. உப்புக் காத்து. வெளியால பவுடர் பூசின கிழவி." மத்த ரெண்டும் அதே கதை. நாலாவது, கறுத்தது, கல்லு மாதிரிப் பாரம், ஒரு பட்டன் உடைஞ்சது. மூடியக் கழட்டினா உள்ளுக்குப் பளிச்செண்டு இருந்திச்சு. "இது கண்டிப் பக்கம். மலையில கிடந்தது. ஆடுற படத்தப் பிடிச்சு நேராக்கிற பலகை ஒண்டு உள்ளுக்கு இருக்கு. நீலமடிக்கிற குணத்தையும் நிப்பாட்டி வைக்கலாம். படம் கெட்டுப் போனா கெட்ட படத்தையே காட்டும், மறைக்காது."

"கம்பியூட்டருக்கு?"

"உன்ட குச்சிய எறி. அதுக்குப் பதிலா இந்தப் பெட்டியக் கொண்டு போ. ஆனா கேளு, கம்பியூட்டர் கை மட்டும்தான், எழுதும். டெக்குதான் கண். ஆக்கள் எல்லாரும் நல்ல கை வாங்கிட்டுக் குருட்டுக் கண்ண வைக்கிற." பொறகு கசட்டக் கேட்டான். நான் வலப்பக்கக் கண்ணாடியக் காட்டினன். சிரிப்பு நிண்டிட்டு. "இது ஒரு தரம் ஓடும். ரெண்டாவது தரத்துக்கு நான் பொறுப்பில்ல. ஹரி? சரியா?"

"ஹரி" எண்டன்.

அதுதான் நீங்க இப்ப பார்க்கிற இந்தக் கறுத்த டெக்கு. தங்கச்சி, அதுட உடைஞ்ச பட்டனத் திருத்தப் போகாத, அது இல்லாமலும் ஓடும். மெஷின் வாங்கிற நேரம் மூடியக் கழட்டச் சொல்லுங்க. கழட்ட விடமாட்டன் எண்டு சொல்ற ஆளிட்ட வாங்காதீங்க. முதல்ல கசட்டப் பாருங்க, பொறகு டெக்கு, ஆகக் கடசியாக் கம்பியூட்டர். நாங்க செஞ்சது அப்பிடியே தலைகீழ்.

ரெண்டு நாள் நான் ரீலக் கையால சுத்திச் சுத்தித் துடைச்சன். ரீல வெளிச்சத்துல பிடிச்சாலும் படம் தெரியாது, அதால அது பாவமில்ல எண்டு சாச்சியிட்டயே கேட்டுத்தான் செஞ்சன்.

காலையில கடைக் கதவச் சாத்தி, முதலாளிய வெளிய வாங்குல காவலுக்கு இருத்தினன். திரைக்கு முன்னால ராத்தாவும் சாச்சியும். நான் அவங்களுக்குப் பக்கத்துல, முகத்தச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, மடியில டெக்கு. சுவர்ல ஒரு கலண்டர் மட்டும். நிக்காஹ் முடியிற இடத்துல இருந்து தொடங்கினம்.

"என்ன தெரியுது ராத்தா?"

"மேல புள்ளி புள்ளியா. கீழ ஒரு கிழிஞ்ச பட்டி ஓடுது."

நான் குமிழத் திருகினன். "இப்ப?"

"பட்டி மேல ஏறுது."

"இப்ப?"

"போயிட்டு! தம்பி, போயிட்டு!"

"யா அல்லாஹ், அது நம்மட பரீதா மாமியெல்லோ! என்ன மெலிவு!" எண்டு சாச்சி எழும்பிட்டா.

"மாமி, ஆளப் பார்க்காதீங்க, கோட்டப் பாருங்க."

"நீ வாய மூடிக்கொண்டு சுவரப் பாரு மகன்."

ராத்தா மெதுவாக் கேட்டா. "சாச்சி, உம்மா எது?"

"நடுவுல இருக்கிறா பாரு, சிவப்புச் சாரி."

"முகம் தெரியல்லையே."

"அப்ப மணவாட்டி நிமிர மாட்டா. கடசி வரைக்கும் குனிஞ்சுதான் இருக்க வேணும்."

அப்பிடியே போச்சு. கால் மணித்தியாலம் இருக்கும். ஒவ்வொரு பொம்புளையா வந்து மணவாட்டிக்கு முத்தம் குடுக்கிறாங்க, ராத்தா எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறா. முக்காடு, நெத்தி, நெத்திச்சுட்டி. முகம் மட்டும் இல்ல. அப்ப சாச்சி துள்ளினா. "இப்ப, இப்ப! மாப்பிள்ளைட தங்கச்சி கமராவ வச்சுக்கொண்டு ஏதோ பகிடி சொல்லப் போறா. உன்ட உம்மா அதுக்குத்தான் நிமிர்ந்த, எனக்கு நல்ல நினைவு. அதோட முகத்த மூடிட்டா. ஒருக்காத்தான்."

அந்த நேரம் டெக்குக்குள்ள சின்னதா ஒரு சத்தம். கீச்செண்டு. எலிக்குஞ்சு மாதிரி. வேற ஆருக்கும் கேட்டிருக்காது. என்ட மடியில இருந்ததால எனக்குக் கேட்டிச்சு, காலுக்கும் விளங்கிச்சு.

நிப்பாட்டினன்.

"என்ன தம்பி! நிப்பாட்டாதீங்க! இப்பதானே..." ராத்தா என்ட தோளப் பிடிச்சு உலுப்பினா. பிற பொம்புள தோளத் தொடுறது, சாச்சி பக்கத்துல இருக்க. அவ அதையே மறந்துட்டா. சாச்சியும் ஏசினா. "நிமிரப் போற நேரத்துல நிப்பாட்டிறியே, உனக்கு மனம் கல்லா?"

கசட்ட வெளிய எடுத்தன். நீங்க கேட்பீங்க, இன்னும் ரெண்டு செக்கன் விட்டிருந்தா என்ன எண்டு. ரெண்டு செக்கன்ல ஓடியும் இருக்கும், சுருண்டு மெஷின் திண்டும் இருக்கும். எது எண்டு ஆருக்கும் தெரியா. தெரியாத இடத்துல, ஆகப் பெறுமதியான இடத்துல, நிப்பாட்டுற ஆள்தான் வேலைக்காரன். கஸ்டமர் கத்தினாலும், அழுதாலும். அழுற நேரம்தான் கூட நிப்பாட்ட வேணும்.

டோர்ச் அடிச்சு அந்த இடத்தப் பார்த்தன். மத்த ரீலெல்லாம் மங்கலா ஒரே மாதிரி. அந்த இடம் மட்டும், ஒரு முழம் கூட இல்ல, தேஞ்சு மினுமினுத்துக்கொண்டு இருந்திச்சு. கீறல் மேல கீறல். எனக்கு இந்தக் கீறல் தெரியும். கிரிக்கட் கசட்டுகள்ல சிக்ஸர் அடிச்ச இடத்துல பார்த்திருக்கன். படத்த ஒரு இடத்துல நிறுத்தி வச்சுப் பார்த்தா, ஹெட் அந்த இடத்திலேயே சுத்திச் சுத்தித் தேய்க்கும். ஒரு தரம் ரெண்டு தரம் நிறுத்தினா இப்பிடி ஆகாது.

"ராத்தா, இந்தக் கசட்ட ஆரு ஆரு பார்த்த?"

"ஆரும் இல்ல. வாப்பா மட்டும்தான்."

"அவர் இந்த இடத்தத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கார். நூறு தரத்துக்கு மேல இருக்கும். வேற எந்த இடத்திலயும் இந்தத் தேய்வு இல்ல."

சாச்சிதான் கீழ பார்த்துக்கொண்டு சொன்னா, "அந்த வீட்டுல வச்சு என்னண்டு புள்ள அவன் உனக்குக் காட்டுற. ரெண்டாவது பொஞ்சாதிக்கு முன்னால." பொறகு மெதுவா, "நானும் அவன நிறைய ஏசினன்" எண்டா.

அந்தத் தேஞ்ச துண்டத் தனியாத் துடைச்சன். டெக்கோட உருளையெல்லாம் துடைச்சு, ஹெட்ட மறுபடி கழுவினன். அஸருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. நாளைக்கு வருவமா எண்டு கேட்டன். "இல்ல, இண்டைக்கே" எண்டா ராத்தா. சரி. கொஞ்சம் பின்னால சுத்தி, பெட்டி எழுதுதா எண்டு மூண்டு தரம் ராத்தாவ வச்சுப் பார்த்தன். பொறகு சுவருக்குத் திரும்பினன்.

பிஸ்மில்லாஹ் எண்டு அமத்தினன்.

பொம்புளையள்ட சத்தம் வந்திச்சு. முத்தம் குடுக்கிற சத்தம், வளையல் சத்தம். கமராவுக்குப் பக்கத்துல ஒரு இளம் குரல், "மச்சி, மாப்பிள்ளை யன்னலால எட்டிப் பார்க்கிறார், ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோ" எண்டுது. எல்லாரும் சிரிக்கிறாங்க.

எனக்குப் பின்னால ஒரு சத்தமும் இல்ல.

"ராத்தா, படம் இருக்கா?"

பதில் இல்ல. என்ட விரல் நிப்பாட்டுற பட்டன்ல. படம் போயிருந்தா இப்பவே நிப்பாட்ட வேணும், மிச்சத்தையாவது காப்பாத்தலாம். படம் இருந்தா நிப்பாட்டக் கூடாது, இதுதான் அந்த இடம், மறுபடி வராது. தலைய இவ்வளவு திருப்பினாப் போதும், எல்லாம் தெரிஞ்சிரும். கழுத்து நரம்பு இழுக்குது. நான் குனிஞ்சு டெக்கு மேல காத வச்சன். உள்ளுக்கு ஒரே சீரா, நல்ல மூச்சு மாதிரி ஓடுது. விரல எடுத்துட்டன்.

"திரும்பாதீங்க தம்பி" எண்டா ராத்தா. "நான் சொல்றன்."

காலையில இருந்து எனக்குச் சொன்ன மாதிரியே, ஒவ்வொண்டாச் சொன்னா.

"கோடு இல்ல. பட்டி இல்ல. தெளிவா இருக்கு. நிமிர்ந்துட்டா. சிரிக்கிறா. சிரிக்கேக்க ஒரு கண் மத்தக் கண்ண விடச் சின்னனாப் போகுது. முன்பல்லு ரெண்டும் ஒண்டு மேல ஒண்டு ஏறி இருக்கு தம்பி. சாச்சி, என்ட கடசி மகளுக்கும் இப்பிடித்தானே? கம்பி போட்டு நேராக்க வேணும் எண்டு டொக்டரிட்டக் கொண்டு போகப் பார்த்தன். வேணாம் சாச்சி. அது அப்பிடியே இருக்கட்டும்."

சாச்சி அழுறது கேட்டிச்சு. நான் கலண்டரப் பார்த்துக்கொண்டே, "ஓம் ராத்தா" எண்டன்.